விராலடிப்பான் வந்த காலை

"அங்கிள், இன்னைக்கு அது கண்டிப்பா வரும். ரெடியா இருங்க," என்று கிசுகிசுத்தான் நிதின்.

தேசப்பன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஸ்டாண்டில் நிறுத்திய கேமராவில் கண்ணை ஒட்டவைத்தபடி, அரைமணி நேரமாகத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு காதில் ஒயர், அதன் மறுமுனை கேமராவில். வீடியோ எடுக்கிறார் போலும் என்று நிதின் நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமையானால் நெம்மேலி உப்பங்கழிக் கரையில் இந்தக் கூட்டம்தான். பீரங்கி கணக்காக லென்சை மாட்டிக்கொண்டு, காரில் வந்து சேற்றில் குந்துகிற கூட்டம். நிதின் படூர் அடுக்குமாடிவாசி, கம்ப்யூட்டர் வேலை. இவர்களுக்கு நடுவே கைலி கட்டிய மீனவரான தேசப்பன் லட்ச ரூபாய் கேமராவோடு நிற்பது முதலில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

"செம கேமரா அங்கிள். மிர்ரர்லெஸ், எடுத்தா சத்தமே வராது. உங்களுதா?"

"எம் புள்ள சூர்யா வாங்குனது தம்பி. பறவ பறவன்னு இங்கியேதான் சுத்திகினு இருப்பான்."

"அவர் வரலையா?"

தேசப்பன் கேமராவை ஒருமுறை தடவிக்கொடுத்தார். வேலை கிடைத்து வெளிநாடு போயிருப்பான் என்று நிதினே முடிவு கட்டிக்கொண்டான்.

"வூட்ல இருந்தா, எவ்ளோ நாளிக்கு இப்பிடியே கீறதுன்னு ஏசுறாங்கோ," என்றார் தேசப்பன், கண்ணை எடுக்காமலே. "இங்க வந்து நின்னா ஆரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

நிதினுக்குச் சிரிப்பு வந்தது. அவன் வீட்டிலும் இதே திட்டுதான்.

அப்போதுதான் விராலடிப்பான் வந்தது. மீன் பிடிக்கிற பருந்து, குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோகிற விருந்தாளி. தொப்பென்று தண்ணீரில் விழுந்து, கால்களில் ஒரு மடவை மீனோடு எழுந்து, எதிரே நட்டிருந்த கம்பில் போய் உட்கார்ந்தது. கரையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

நிதின் தன் பங்குக்கு எடுத்துத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். தேசப்பனின் லென்சு இன்னும் வெறும் கோரைப்புல்லைப் பார்த்தபடியே இருந்தது. விரல் ஷட்டரில் இல்லை. கட்டைவிரல் மட்டும் பின்பக்கத்து முக்கோணப் பொத்தானில் இருந்தது.

பாவம், எதை அமுக்குவதென்றே தெரியவில்லை. இத்தனை ஞாயிறு வந்து நின்றும் ஒரு படம்கூடத் தேறியிருக்காது. நிதினுக்கு மனசு கேட்கவில்லை.

"தள்ளுங்க அங்கிள், நான் எடுத்துத் தரேன். பறந்துடும்!"

"வேணாம் தம்பி... அது வந்து..."

"இதுல என்ன அங்கிள் கூச்சம்?"

லென்சைத் திருப்பி ஷட்டரை அமுக்கினான். கார்டில் இடமில்லை என்றது கேமரா. அதானே பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டான். அவனுடைய வேறு கார்டு காரில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் பருந்து சாப்பிட்டு முடித்துக் கிளம்பிவிடும்.

நிதினின் கூட்டத்தில் எல்லோரும் எடுத்ததை அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த முறை கார்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். பல் துலக்குகிற மாதிரி அது ஒரு பழக்கம். சூர்யாவும் ஏற்றிவைத்துவிட்டுத்தானே போயிருப்பான்?

எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது கேமரா. சம்மதம் என்று அமுக்கினான்.

பிறகு விரலை எடுக்கவே இல்லை. மீனைக் கிழிப்பது, இறக்கையை விரிப்பது, கம்பை விட்டுக் கிளம்புவது என்று, கார்டு மறுபடி நிறையும்வரை எடுத்துக் குவித்தான். அவன் வாழ்நாளில் எடுத்ததிலேயே ஆகச் சிறந்த படங்கள். அவை அடுத்தவர் கேமராவுக்குள் போனதில் அவனுக்குத் துளி வருத்தமில்லை. நல்ல பையன்.

"கார்டு ஃபுல்லா இருந்துச்சு அங்கிள். க்ளியர் பண்ணி, சூப்பரா எடுத்துட்டேன்."

தேசப்பனுக்குப் பாதி புரியவில்லை. பிள்ளையின் பொருள் கீழே விழாமல் இருந்ததே போதும் என்றிருந்தது அவருக்கு.

"டாங்ஸ் தம்பி," என்றார்.

அதற்குள் அவர் மனைவி வச்சலா காலி மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்தால் அவள் நேரே இங்கேதான் வருவாள்.

"நீயே பாத்துகினு இருந்தா எப்புடி? தள்ளு, இப்ப எம் மொற."

சூர்யாவின் அம்மாவுக்கும் பறவைப் பைத்தியமா என்று நிதின் சந்தோஷப்பட்டான்.

வச்சலா மீன் நாற்றம் போகக் கைகளைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். முந்தானையால் முகத்தையும் துடைத்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். ஒயரைக் காதில் செருகினாள். கண்ணை வைத்து, சிரித்த முகத்தோடு முக்கோணத்தை அமுக்கினாள்.

மறுபடி அமுக்கினாள். ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகிவிட்டு, இன்னொரு முறை அமுக்கினாள்.

"எப்படி ஆன்ட்டி, பருந்து செமயா வந்திருக்குல்ல?" என்றான் நிதின்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. புருஷனின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"மால போட்ட படம் பேசாதுன்னுதானய்யா இதுல வந்து பாக்குறோம்... பேசிகினு இருந்த எம் புள்ள எங்கய்யா?"