கெங்கம்மாளின் பங்கு

"பொம்பளைங்க பேசற எடம் இல்லீங்க இது. வக்கீலா இருந்தாலும் நீங்க பொம்பளதானே?"

ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரம் சொன்னதும், காளி கோயில் முன்னால் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்திருந்த ஆண்கள் சிரித்தார்கள். வக்கீல் மணியம்மாள் கறுப்புக் கோட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டாள். போளூர் கோர்ட்டில் அவள் எழுந்தாலே எதிர்க்கட்சி வக்கீலுக்குத் தொண்டை வறளும். இந்த மலையில் மூடுபனிகூட அவளை ஒதுக்கிவிட்டுப் போனது.

"அப்ப கெங்கம்மாளையாவது பேச விடுங்க. அவங்க அப்பா வெச்ச புளியமரத்துலதானே பங்கு கேக்கறாங்க?"

"இன்னா பங்கு?" கெங்கம்மாளின் அண்ணன் சடையன் எகிறினான். "கட்டிக் குடுத்தாச்சு. புருசன் செத்து ரெண்டு பொண்ணோட வந்து நிக்கறா. கஞ்சி ஊத்தறேன்ல? ஆறு மரமும் எனக்குத்தான். கோர்ட்டுக்குப் போனா ஊரை வுட்டே தள்ளிடுவோம்!"

கெங்கம்மாள் தலை குனிந்தாள்.

காலையில் சுனையருகே பெண்களிடம் மணியம்மாள் சொல்லியிருந்தாள்: "தனக்குன்னு கேட்டா பேராசைம்பாங்க. ஒருத்திக்காக இன்னொருத்தி கேளுங்க." பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்கள். அந்தப் பேச்சும் சுனைத் தண்ணீரோடு ஓடிவிட்டது என்றே நினைத்தாள்.

பொங்கல் பூஜைக்குப் பம்பை முழங்கியது. பனிக்குள்ளிருந்து ஓர் அலறல். கூந்தல் அவிழ ஆடி வந்தவள் சடையனின் மனைவி குப்பம்மாள்!

"டேய் சடையா! கூடப் பொறந்தவ வவுறு எரியுது, எனக்குப் பொங்கலாடா வெக்கற? மூணு மரத்த அவளுக்கு வுடுடா!"

ஆண்கள் எல்லாரும் எழுந்து கைகூப்பினார்கள். சடையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "வுட்டுட்றேன் தாயே!"

"காளி வாக்கு. மாத்தமில்ல," என்றார் பஞ்சாட்சரம்.

பஸ்ஸுக்கு நடக்கையில் மணியம்மாளுக்கு எல்லாமே கனவு போலிருந்தது. மரங்கள் பனியில் மிதந்தன. வழியனுப்ப வந்த குப்பம்மாளின் நெற்றியில் மஞ்சள் இன்னும் ஈரமாயிருந்தது.

"நான் படிச்ச சட்டத்தால ஆகல குப்பம்மா. உங்க சாமிதான் குடுத்துச்சு."

குப்பம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஒருத்திக்காக இன்னொருத்தி கேக்கணும்னு நீங்கதான சொன்னீங்க, வக்கீலம்மா? வர்ற அமாவாசைக்கு எங்க அண்ணன் ஊருக்கு வாங்க. எங்கப்பன் மரத்துல எனக்கும் பங்கு வரணும்," என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "அங்க கெங்கம்மாளுக்கு சாமி வரும்."