எனிஃபா கட்டி வந்த துணி

“துணிக்கடைக்காரி வர்ற லட்சணத்தைப் பாருடி” என்று என் விலாவில் இடித்தாள் டொரிக்கா.

பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மலாவியில் எங்கள் ஊர்ப் பக்கம் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள் என்றால் கல்யாணத்துக்குப் போவது மாதிரிதான். மாமரக்கிளையில் தராசைத் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். ஊரே சுற்றி நிற்கும். அதனால் பெட்டியில் மடித்து வைத்த புது சித்தெஞ்சேத் துணியை எடுத்து இடுப்பில் சுற்றி, இன்னொன்றால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டுதான் வருவோம்.

சந்தையிலேயே பெரிய துணிக்கடை எனிஃபாவுடையது. அவளோ சாயம் போய், ஓரம் கிழிந்து, அடுப்பு துடைக்கக்கூட ஆகாத ஒரு துணியில் வந்து நின்றாள். குழந்தையைக் கட்டியிருந்த துணியில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

“ஏன் எனிஃபா, எலி கடிச்சதை விக்க முடியாம நீயே கட்டிக்கிட்டியா?” டொரிக்கா ஆரம்பித்தாள்.

“புதுசைக் கட்டினா கசங்கிடும்க்கா. கசங்கினதை நீங்க வாங்குவீங்களா?”

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் பளபளன்னு வர்றே?”

“அங்க கடவுள் பார்க்கிறாரு. இங்க நீங்கதானே பார்க்கிறீங்க.”

வரிசை முழுக்கச் சிரிப்பு. என் பங்குக்கு நானும் கேட்டேன். “உன் புருஷனுக்காவது முழுச் சட்டை இருக்கா?”

“கை இல்லாத சட்டைதான். காத்தோட்டமா இருக்காம்.”

ஒவ்வொருத்திக்கும் ஒரு பதில் சொன்னாள். போதாததற்கு ஓட்டை எல்லோருக்கும் தெரியும்படி ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினாள்.

ஊசி போட வந்திருந்த கமங்கா ஐஸ் பெட்டியைத் திறந்தபடி அதட்டினார். “சத்தம் போதும்மா. ஃபைனெஸி இன்னிக்கும் வரலையா? ரெண்டு மாசமா ஆள் அனுப்பறேன். குழந்தைக்கு நிமோனியா ஊசி ஒண்ணுகூடப் போடலை.”

ஊசிகளை எடுத்து அடுக்கிக்கொண்டே தொடர்ந்தார்.

“போன குளிர்ல அவ வீட்டுப் பக்கத்துல ரெண்டு குழந்தைக்கு நிமோனியா வந்துச்சு. ரெண்டையும் என் வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஒண்ணுதான் திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறமும் வரலைன்னா என்னதான் செய்யறது?”

“வந்திருக்கேன் சார்.”

எனிஃபாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஃபைனெஸி எப்போது வந்தாள் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. எப்போதும் கட்டும் ஒட்டுப்போட்ட துணியில்தான் இருந்தாள்.

கமங்காவின் முகம் மலர்ந்துவிட்டது. எடை பார்த்தார், குழந்தையின் தொடையில் ஊசியைப் போட்டார். அது போட்ட கூச்சலில் மாமரத்துக் காகங்கள் பறந்தன. நாங்கள் மட்டும் எனிஃபாவின் துணியில் இருந்த ஓட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அடிபம்பில் ஃபைனெஸியைப் பார்த்தோம்.

“அந்தக் கஞ்சப் பிசினாறி கூட ஒட்டிக்கிட்டு வந்தியே, கடையிலேருந்து ஒரு துணியாவது கொடுத்தாளா?” டொரிக்காவுக்கு வாய் இன்னும் அடங்கவில்லை.

“போன வாரம் புதுசு ஒண்ணு கொண்டுவந்தாங்க அக்கா. வேணாம்னு திருப்பிக் கொடுத்துட்டேன். தானம் வாங்கிப் பழக்கமில்லை.”

“அப்புறம் ஏன் இத்தனை நாள் ஊசிக்கு வராம இருந்தே?” என்று கேட்டேன்.

“பெரியவனுக்கு ஊசி போட வந்தப்ப எல்லாரும் என் துணியைப் பார்த்துச் சிரிச்சீங்க. மறந்துட்டீங்களா?”

டொரிக்கா வாளிக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். எனக்குக் காது சுட்டது.

“இன்னிக்குக் காலையில எனிஃபா அக்கா வந்து வாசல்ல நின்னாங்க. ‘துவைச்ச துணி ஒண்ணும் காயலைடி. இந்தக் கந்தையோட தனியா போக வெக்கமா இருக்கு, துணைக்கு வா’ன்னாங்க. சரின்னு கூடப் போனேன்.”

நான் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் ஊரில் அக்டோபர்தான் வெயில் கொளுத்தும் மாதம். ஐந்து மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. கொடியில் போட்ட துணி கிளிப் மாட்டுவதற்குள் காய்ந்துவிடும்.

“இந்த வெயில்லயா துணி காயலை? அதை நம்பியா போனே?”

ஃபைனெஸி வாளியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

“பொய்னு எனக்குத் தெரியாதா அக்கா? புதுத் துணியை வேணாம்னு திருப்பிக் கொடுத்துட்டேன். எனக்காகக் கட்டிக்கிட்டு வந்த கந்தையை எப்படித் திருப்பிக் கொடுக்கறது?”