தள்ளுபடி கிடையாது

என் அப்பாவின் மானம் அன்று இருநூற்று ஐம்பதுக்கு விலைபோனது. ரசீது எழுதிக் கொடுத்தவள் நான்.

ரயில் கண்டக்டர் வேலைக்கு எனக்கு அன்று சோதனை ஓட்டம். இரண்டே பெட்டி. நடுவில் எங்கும் நிற்காத நாற்பது நிமிடப் பயணம்.

இரவல் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. கையில் டிக்கெட்டில் துளை போடும் இடுக்கி. பின்னாலேயே இன்ஸ்பெக்டர், புது மருமகளின் சமையலை நோட்டம் விடும் மாமியார் மாதிரி, வாயைத் திறக்காமல் வந்தார்.

நேர்முகத் தேர்விலேயே அவருக்கு என்மேல் சந்தேகம். பட்டன் கடைக்காரர் மகள் என்று விண்ணப்பத்தில் படித்ததும் சிரித்துவிட்டார். கடைத்தெருவில் வளர்ந்த பிள்ளை அபராதத்திலும் தள்ளுபடி கொடுத்துவிடும், இது ஒரு டஜன் பட்டன் விவகாரம் இல்லை என்றார். நான் கறாராக நிற்கிறேனா என்று ஓட்டத்தில் பார்த்துவிட்டுத்தான் வேலை என்றும் சொல்லிவிட்டார்.

இதை முந்தின நாள் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டாம் பெட்டியின் கடைசி இருக்கையில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் பிறந்த அன்றுகூட மூடாத கடையை மூடிவிட்டு வந்திருந்தார்.

"ஐயா, டிக்கெட்?"

"எடுக்கலைம்மா. அவசரத்துல ஏறிட்டேன்."

என்னை முன்பின் பார்த்தேயிராத முகம். நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு முகத்தை மாற்றுவது சட்டை மாற்றுவது மாதிரிதான்.

அபராதம் இருநூற்று ஐம்பது என்றேன்.

நூறு என்று ஆரம்பித்தார்.

வயதானவன், பாதி இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், முழு அபராதம் எதற்கு என்று கேட்டார். ஜன்னல் திறக்கவில்லை, பழுதான சரக்குக்கு விலை குறைப்பதுதான் முறை என்றார். நாளைக்கு நாலு பேரைக் கூட்டிவருகிறேன், மொத்தமாகப் போட்டுக் கொடு என்றார். எதிர் இருக்கைக்காரர்கள் வேடிக்கை பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

நூற்று எண்பது வரை ஏறிவிட்டு, கடைசி அஸ்திரத்தை எடுத்தார். வேண்டாம் போ என்று எழுந்து நடந்தார்.

எங்கள் தெருவில் அதற்கு மேல் எந்தக் கடைக்காரனும் தாங்கமாட்டான். மூன்றாம் அடியில் கூப்பிட்டுவிடுவான்.

ஓடுகிற ரயிலில் எவ்வளவு தூரம் போவது. கதவுவரை போனார். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் சட்டைக் காலர் நைந்திருந்தது. 'சரி, உங்களுக்காக இருநூறு' என்பது என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. தாய்ப்பாலோடு சேர்த்துக் குடித்த வார்த்தை அது.

"இது அச்சடிச்ச விலைங்க ஐயா. ஒரு காசு குறையாது."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஜென்மத்தில் ஒருமுறை சரியான எதிராளி கிடைத்த வியாபாரியின் பார்வை அது. பணத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். ரசீதை வெளிச்சத்தில் பிடித்துக் கூட்டல் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் மடித்தார்.

இறங்கியதும் நிலைய அலுவலகத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் அன்று முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"அப்பாதானே? மூக்கே சொல்லுது."

ஆமாம் என்றேன். பெற்றவரிடமே விடாதவள் மற்றவரிடமா விடப்போகிறாய் என்று சொல்லிக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ஒரு சடங்கு மட்டும் பாக்கியிருந்தது. கிளம்பும் நிலையத்தில் எத்தனை டிக்கெட் விற்றது என்பதை ஓர் உறையில் போட்டு ஒட்டி அனுப்புவார்கள். கண்டக்டர் தன் கணக்கை எழுதிக் கொடுத்த பிறகுதான் அதைப் பிரிப்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் கணக்கைச் சரிக்கட்டிவிடலாம் அல்லவா.

என் கணக்கு: துளையிட்டது எழுபது, அபராதம் ஒன்று, தலைகள் எழுபத்தொன்று.

உறைக்குள் இருந்த சீட்டில் விற்றது எழுபத்தொன்று என்றிருந்தது.

பேனா நின்றது.

டிக்கெட் வைத்திருந்த யாரோ ஒருவரை நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். சோதனை ஓட்டத்தில் ஒருவரை விட்டாலே வேலை கிடையாது. ஒருவரையும் விடவில்லை, தலையை இரண்டு முறை எண்ணினேன் என்றேன். எல்லாரும் இதையேதான் சொல்வார்கள் என்றார்.

மூடியைத் திரும்ப மாட்டப்போனவர், என்னவோ தோன்றிச் சீட்டைத் திருப்பினார். பின்பக்கம் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவின் அவசரக் கையெழுத்து.

'புறப்பாடு மூன்று நிமிடம் தாமதம். காரணம்: கடைசி டிக்கெட் வாங்கிய பெரியவர் விலையைக் குறைக்கச் சொல்லி ஜன்னலில் மல்லுக்கு நின்றார். வேண்டாம் என்று இரண்டு முறை போய்த் திரும்பி வந்தார். முழு விலைக்கே கொடுக்கப்பட்டது.'

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் தேர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

டிக்கெட் வாங்கியவர் பிறகு வந்து அதைக் காட்டினால் அபராதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. வீட்டுக்குக் கடிதமே போனது. சில்லறையில் ஒரு காசு குறைந்தால் இரண்டு தெரு திரும்பி நடக்கிற மனிதர், வரவில்லை. கேட்டால், எந்த டிக்கெட் என்கிறார்.

பதினோரு வருடமாக எங்கள் நிலையத்தின் பேரேட்டில் அந்த ஒரு வரி மூடப்படாமல் நிற்கிறது. விற்றது எழுபத்தொன்று, துளையிட்டது எழுபது, பயணிக்குத் தர வேண்டியது பாக்கி.