ஒயில் கலந்த பெற்றோல்

"ஒரு வேப்பமரத்துக்கு அஞ்சு லீற்றர் பெற்றோலோ? வாள் குடிச்சதோ, நீர் குடிச்சனீரோ?"

சுருவில் கிராமத்தில் மரம் வெட்டும் தொழில் நடத்தும் பிரேமினியின் சத்தத்துக்கு நாலு வளவும் வேலியில் காது வைத்தது.

"பழைய மெசின் வாள் அக்கா, கனக்கக் குடிக்கும்," என்றான் அவளிடம் வேலை பார்க்கும் றெக்ஷன்.

"போன மாதம்தான் புதுச் செயின் போட்டனான். களவு பிடிபட்டால் உமக்கு இனி இஞ்சை வேலையில்லை, ஓமோ?"

வாளுக்கு ஊற்றுவது ஒயில் கலந்த பெற்றோல். வேறு வண்டியில் ஊற்றினால் நீலப்புகை காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் மூன்று நாளாக ஒழுங்கையில் போகிற வண்டியின் பின்பக்கத்தை எல்லாம் பிரேமினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, நீலப்புகை கக்கியபடி ஒரு ஸ்கூட்டி படலைக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தவள் பிரேமினியின் சொந்தத் தங்கை நிலக்சனா.

"ஓம், எனக்குத்தான் தந்தவர்," என்றாள், அக்காவின் கண் புகைக்குழாயில் நிற்பதைக் கண்டு, இறங்காமலே. "இவரைத்தான் கட்டப்போறன். ஏலாதெண்டால் ரெண்டு பேரையும் வீட்டை விட்டுக் கலையுங்கோ!"

பிரேமினி கலைக்கவில்லை. தையில் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. இப்போது இருவரும் புங்குடுதீவில் சொந்த வாள் வாங்கித் தொழில் செய்கிறார்கள். ஸ்கூட்டி புகைப்பதே இல்லை. பெற்றோல் வைத்திருக்கும் அறைப் பூட்டின் திறப்பை நிலக்சனா இடுப்பை விட்டு எடுப்பதில்லையாம்.