திங்கட்கிழமைக் கேள்வி

“பையனை மரியாதையா கூட்டிட்டுப் போயிருங்க அண்ணாச்சி. படிப்பு இவனுக்கு வராது.”

தலைமையாசிரியர் ஜெயசிங் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஸதக்கத்துல்லாஹ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். காயல்பட்டினத்துக்காரர், கொழும்பில் ஜவுளிக்கடை. உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் மகனைப் பார்க்க வந்தவரைத் தூத்துக்குடியில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்த மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

மகன் யஹ்யா கதவோரம் நின்றான். நாலாம் பாரம், இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தோல்வி.

“ஆயிரம் பிள்ளைக படிக்கிற இடம் அண்ணாச்சி இது. லேபரட்டரி இருக்கு, லைப்ரரி இருக்கு. தச்சு, நெசவு, பாட்டு, சாரணர் படை, எவனுக்கு எது பிடிக்குதோ அது. இந்தக் கதவு எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கு. இவன் மட்டும் எதுலயும் ஒட்ட மாட்டேங்கான்.”

“ஒருநாள்கூட லீவு போடலைன்னு சொன்னானே சார்?”

“அதுதான் வேடிக்கை. ஹாஸ்டல்ல இருந்து வகுப்புக்கு முதல் ஆளா வாரான். லைப்ரரியில இவன் எடுத்த அளவுக்குப் புஸ்தகம் எடுத்தவன் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு கட்டுப் புஸ்தகத்தோட ஊருக்கு பஸ் ஏறுதான். திங்கட்கிழமை காலையில வந்து ஒரு கேள்வி கேக்கான் பாருங்க, எங்க விஞ்ஞான வாத்தியார் ஜேசுபாதம் நாலு திங்கட்கிழமையா வயித்துவலின்னு லீவு.”

“அப்படி என்ன கேக்கான்?”

“ஏலே, அன்னைக்குக் கேட்டதைச் சொல்லு.”

யஹ்யா கைகளைக் கட்டிக்கொண்டான். கண்ணை மூடி ஒப்பித்தான்.

“சிப்பி ஓடும் சுண்ணாம்பு, முத்தும் சுண்ணாம்பு. அப்படியிருக்க ஓடு காளவாயில வேகுது, முத்து மட்டும் ஏன் கழுத்துல கிடந்து மினுங்குது?”

“வாத்தியார் என்ன பதில் சொன்னாரு?”

“முத்து ஏடு ஏடா வளருது. வெளிச்சம் அந்த ஏட்டுக்குள்ள புகுந்து திரும்புது. மீதியை அஞ்சாம் பாரத்துல படிக்கலாம். உக்காரு.” பதிலையும் அவன் அப்படியே ஒப்பித்தான்.

“அந்த ‘உக்காரு’வைக்கூட விடலை பாத்தீங்களா? சரிலே, அதுக்கு என்ன அர்த்தம்?”

“அர்த்தம் எனக்குத் தெரியாது சார்.”

ஜெயசிங் இரண்டு கைகளையும் விரித்தார். “இதுதான் அண்ணாச்சி. கேள்வி இருக்கு, பதில் இருக்கு. நடுவுல பையனைக் காணோம்.”

ஸதக்கத்துல்லாஹ் பெருமூச்சு விட்டார். “அந்தக் கேள்வியில எங்க வீட்டு முத்து ஒண்ணு போச்சு சார். புளிச்ச காடியில போட்டுப் பாத்து அரைவாசி கரைஞ்சிட்டு.”

“செய்வான். இந்தச் சேட்டைக்கு மட்டும் மூளை இருக்கு.”

யஹ்யா ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

தலைமையாசிரியருக்கு மனம் கொஞ்சம் இளகியது. “சரி, பெரிய மனுஷர் நீங்க. இன்னும் ஒரு வருஷம் அதே வகுப்புல இருக்கட்டும்.”

“அதே வகுப்பா?” ஸதக்கத்துல்லாஹ் பதறிப்போனார். “அது மட்டும் வேண்டாம் சார். அஞ்சாம் பாரத்துல போட்டிருங்க.”

“கணக்குல ரெண்டு மார்க் வாங்கியிருக்கான்.”

“மார்க் வேண்டாம். பாஸும் வேண்டாம். வகுப்புல ஒரு மூலையில உக்காந்து கேட்டுட்டு வந்தாப் போதும்.”

“என்ன அண்ணாச்சி பேசுதீங்க? நான் சொல்லுதேன் கேளுங்க. கொழும்புக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. துணி கிழிச்சுக் கத்துக்கட்டும்.”

“எனக்கும் அதுதான் ஆசை. கடையில நம்பிக்கையான ஆள் இல்லை.”

“ஏலே, உனக்கு?”

“எனக்கும் அதுதான் சார் ஆசை.” அன்று முதன்முறையாக யஹ்யாவின் முகம் மலர்ந்தது. “இந்தக் கப்பல்லயே போயிருதேன்.”

“பிறகென்ன? தகப்பனுக்குச் சம்மதம், மகனுக்குச் சம்மதம், எனக்கு ரெட்டைச் சம்மதம்.”

“அவன் உம்மா சம்மதிக்கணுமே சார்.”

ஜெயசிங் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் பையன் ஊருக்கு ஓடுவது. பாடத்தில் மனம் பதியாதது. தகப்பன் இப்படித் தவிப்பது.

“இதைச் சொல்ல ஏன் இவ்வளவு நேரம்? பெத்தவ மனசு, பிள்ளையைக் கப்பலேத்த வராதுதான். எங்க ஊரு நாசரேத்துலயும் இப்படித்தான். ரெண்டு நாள் அழுவாங்க. மூணாம் நாள் அவங்களே கருவாடு கட்டிக் குடுத்து அனுப்புவாங்க. ஆம்பிளை நீங்க, கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க.”

“சொன்னேன் சார். போன தடவையும் சொன்னேன், நேத்தும் சொன்னேன்.”

“அழுதாங்களா?”

“அழுகிற ஆளில்ல சார் மரியம்.” ஸதக்கத்துல்லாஹ் மகனை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை கொழும்புக்குப் போறதுல அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நாலாம் பாரம் முழுக்கத் தனக்கு முடிஞ்சிட்டாம். வீட்டுப் படி இறங்காதவளுக்கு அஞ்சாம் பாரத்துப் பாடத்தைக் கொண்டுவந்து ஒப்பிக்க இவனை விட்டா வேற ஆள் யாருன்னு கேக்கா.”