விசுவாசத்துக்கு ஒரு விசாரணை

“விசுவாசம்னா என்னன்னு தெரியுமாய்யா உனக்கு?” என்றார் மேனேஜர் சம்பத்.

எதிரே நின்றிருந்தவர் துலுக்கானம். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் அந்தக் கம்பெனியில் எழுபத்தேழில் சேர்ந்தவர். பதினாலு வருஷ சர்வீஸ். ஆசிட் தொட்டி பக்கத்திலேயே நின்று நின்று, இருமாமல் நாலு வார்த்தை பேச வராது.

போன மாதம் தொட்டியடியிலேயே மயங்கி விழுந்தார். அடுத்த வாரம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று. புகையை இழுக்கும் ஃபேன் ஆறு மாதமாக ஓடவில்லை என்று யாரோ எழுதிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார், ஃபேன் ஓடியது. கடுதாசியை மட்டும் அவர் யாருக்கும் காட்டவில்லை. எழுதியது யாரென்று தெரிய ஜோசியமா பார்க்க வேண்டும்? மயங்கி விழுந்தவனையே கூப்பிட்டு விசாரணை வைத்துவிட்டார் சம்பத். குற்றம் உறுதியானால் வேலை போய்விடும்.

விசாரணையில் தொழிலாளிக்காகப் பேச, கூட வேலை செய்கிற ஒருவர் வரலாம். ஸ்டோர் கிளார்க் பிரகாசம் வந்திருந்தான். தமிழ்ப் பைத்தியம். ஒரு வார்த்தை கையில் கிடைத்தால் அதன் பூர்வீகம் வரை போய்த்தான் திரும்புவான்.

“சுவாசம்னா மூச்சு சார். அதுலேர்ந்து வந்ததுதான் விசுவாசம்” என்றான். “யார் பக்கத்துல பயமில்லாம மூச்சு வுட முடியுதோ, அவங்க மேல தானா வரும். அந்த ஷெட்டுல மூச்சே வுட முடியல.”

“சரி, உப்பு போட்டவங்களுக்கு நன்றி வேணாமா?”

நன்று என்பதிலிருந்து வந்ததுதான் நன்றி, முதலில் நல்லது செய்யணும், அப்புறம்தான் நன்றியை எதிர்பார்க்கணும் என்றான் பிரகாசம். சம்பத்துக்கு எரிச்சல் தலைக்கேறியது. உன் தமிழ் வகுப்பை வெளியே வைத்துக்கொள் என்று அவனை உட்காரச் சொல்லிவிட்டார்.

பிறகு துலுக்கானத்திடம் தணிந்து பேசினார். தூண்டிவிட்டது யார், யூனியன் ஆட்களா? ஒரே ஒரு பேர் சொன்னால் போதும், வேலை தப்பிக்கும். கல்யாணத்துக்கு ரெண்டு பெண்கள் வீட்டில் இருப்பதையும் ஞாபகப்படுத்தினார்.

பிரகாசம் மறுபடி எழுந்தான்.

“நீ உக்காரு நைனா” என்று அவன் தோளை அழுத்தினார் துலுக்கானம். சம்பத் பக்கம் திரும்பி, “யாரும் தூண்டல சார். நாந்தான் எழுதனேன்” என்றார்.

சாயங்காலத்துக்குள் டிஸ்மிஸ் ஆர்டர் டைப்பாகி வந்துவிட்டது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். பதினாலு வருஷம் அவ்வளவுதான்.

பூந்தமல்லி பஸ்ஸுக்காக இருவரும் ரோட்டோரம் நின்றார்கள். கண்ணைத் துடைத்துத் துடைத்து பிரகாசத்தின் கைக்குட்டை நனைந்திருந்தது.

துலுக்கானம் மடித்து வைத்திருந்த ஆர்டரை அவனிடம் நீட்டினார்.

“இதுல இன்னா போட்டுகீதுன்னு படிச்சிச் சொல்லு நைனா. எனக்குப் பேர் போடறதுக்கு மேல எழுத்து வராது” என்றார். “எனக்கோசரம் நீ இன்ஸ்பெக்டருக்கு எழுதன கடுதாசியத்தான் படிச்சிக் காட்டாமயே போஸ்ட் பண்ணிட்டே.”