தாணுலிங்கத்தின் முந்திரிக்கொத்து

தாணுலிங்கத்துக்குச் சர்க்கரை நோய் வந்து ஆறு வருடமாகிறது. அவரவர் ரத்தம் அறிந்து சமைக்கிற அந்த வீட்டு அடுப்பு அன்றிலிருந்து அவருக்கு ஒரு துளி வெல்லம் காட்டியதில்லை. தீபாவளியன்றும் கேழ்வரகுப் புட்டும் அவித்த காயும்தான்.

இந்தத் தீபாவளிக்கு அவர் முகம் தொங்கிக் கிடப்பதை மனைவி வடிவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. படையலுக்கு மட்டும் அடுப்பு எந்தக் கட்டுப்பாடும் வைக்காது என்று அவளுக்குத் தெரியும். செத்தவர்களுக்கு ஏது சர்க்கரை?

“படையலுக்கு முந்திரிக்கொத்து வேணும்,” என்றாள் அடுப்பிடம்.

“யாருக்கும்மா படையல்?” என்று கேட்டது அடுப்பு.

செத்துப்போன மாமனார் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கு ஏலக்காய் ஆகாது. இவருக்கோ ஏலக்காய் தூக்கலாக இருக்க வேண்டும். வடிவு கணவன் பெயரையே சொல்லிவிட்டாள்.

“சரிம்மா,” என்றது அடுப்பு, தணிந்த குரலில். பிறகு பாகு காயும் வாசனை வந்தது. தாணுலிங்கம் ஒரே மூச்சில் ஏழு தின்றார்.

“இப்பந்தாம்ட்டி எனக்கு உயிரே வந்திருக்கு!”

மறுநாள் காலையில் ஒரே ஒரு காப்பிதான் வந்தது.

“எனக்கு எங்க?” அடுப்பின் முன்னால் குனிந்து கத்தினார் தாணுலிங்கம். அது அசையவில்லை.

வடிவு பதறிப்போனாள். “அவருக்கும் ஒண்ணு போடு. இங்கதான நிக்காரு!”

“முதல்ல கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் தோணும்மா,” என்றது அடுப்பு, இதமாக. “நீங்க காப்பியக் குடிங்க. பதினாறாம் நாளுக்கு எத்தனை இலைன்னு மெதுவாச் சொல்லலாம்.”